ஐந்து வாசலிலும் கேட்காமல் எழுதிய அறிக்கை

என் இடத்தில் இப்போது வேலை பார்க்கும் நிர்மலா சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தாள்.

"அங்கிள், புது ஃபாரம் வந்துடுச்சி. எல்லாம் கம்ப்யூட்டர்லதான். அளவ லேசர் எடுத்துடுது, கூரைய டிரோன் பாத்துடுது. ஆனா உங்க காலத்துல கடைசிப் பக்கத்துல ஒரு கட்டம் இருந்துச்சே, குடியிருக்கிறவங்க என்ன சொல்றாங்கன்னு. அதக் காணோம். அது வேணுமா அங்கிள்?"

"வேணும். சேக்கச் சொல்லு."

"ஏன்னு கேட்டா என்னா சொல்றது?"

எழுதித் தருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்து மூன்று வாரம் ஆகிறது. வேறு வேலை ஒன்றும் எனக்கு இல்லை, ஆனாலும் கை ஓடவில்லை. காரணம், அந்தக் கட்டத்தைப் பற்றி எழுத வேண்டுமானால் நான் செய்த ஒரு காரியத்தையும் எழுத வேண்டும். அதை இதுவரை இரண்டே பேரிடம்தான் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் மலை டவுனான தானா ராத்தாவில் ஒரு சிறிய அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் வரைவாளனாக இருந்தேன். வேலை இதுதான். மலையில் யாராவது புதிதாகக் கட்ட நினைப்பார்கள். அந்த இடத்தில் பழைய கட்டடம் ஒன்று நிற்கும். திட்டம் அனுமதிக்குப் போவதற்கு முன்னால் ஓர் ஆள் போய், அது என்ன கட்டடம், எவ்வளவு உறுதி, எந்தப் பகுதியை வைத்துக்கொள்ளலாம், எதை விட்டுவிடலாம் என்று எழுதித் தர வேண்டும். அந்த ஆள் நான். கட்டுகிறவர்களுக்கு நான் முட்டுக்கட்டை. பழையதைக் காக்க வேண்டும் என்று கோலாலம்பூரிலிருந்து காரில் வருகிறவர்களுக்கு நான் இடிக்கிறவர்களின் ஆள். ஒரே நாளில் இரண்டு பக்கமும் திட்டு வாங்கியிருக்கிறேன். அப்படி வாங்கிய நாட்களில் அறிக்கை ஒழுங்காக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

நான் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். அப்பா தொழிற்சாலையில் இலை காய வைக்கும் அறையில் இருந்தார், அம்மா கொழுந்து பறித்தார். பள்ளி முடித்து ஈப்போவில் இரண்டு வருடம் வரைபடம் படித்தேன். எங்கள் லயத்திலிருந்து, அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, பேனா பிடிக்கும் வேலைக்குப் போன முதல் ஆள் நான்தான். இதை லயத்துக்காரர்கள் யார் வந்தாலும் சொல்வார்கள். நானும் கேட்டுக்கொண்டு தலைகுனிந்து நிற்பேன், மனதுக்குள் சந்தோஷமாகத்தான் இருக்கும்.

எனக்கு மேலே இருந்தவர் மிஸ்டர் யாப். அவருடைய அப்பா தோட்டத்து வாசலில் மளிகைக்கடை வைத்திருந்தவர், அதனால் மிஸ்டர் யாப் எங்களைப் போலவே தமிழ் பேசுவார். கோபம் வந்தால் தமிழ், சாதாரணமாக இருந்தால் மலாய், கையெழுத்துப் போடும்போது மட்டும் ஆங்கிலம். குரலை உயர்த்த மாட்டார். தப்பான வரைபடத்தைக் கொண்டுபோய் வைத்தால் பென்சிலால் அந்த இடத்தைத் தொட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். நானாகக் கண்டுபிடித்துச் சொல்லும் வரை அந்தப் பென்சில் நகராது. ஒருமுறை கால் மணி நேரம் அப்படி நின்றிருக்கிறேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் வைத்திருந்த முறை ஒன்று உண்டு. கட்டடத்துக்குப் போனால் முதலில் எதையும் கையில் எடுக்காமல் ஒருமுறை சுற்றி வர வேண்டும். ஈர நெடி எங்கே அடிக்கிறது, கரையான் மண் வாசம் எங்கே வருகிறது என்று மூக்கால் பார்க்க வேண்டும். பிறகு தூண்களின் அடியில் ஸ்குரூ டிரைவரைக் குத்திப் பார்ப்பது. அரை அங்குலத்துக்கு மேல் இறங்கினால் அந்தத் தூண் போனது. அதன் பிறகுதான் அளவு நாடா. ஒவ்வொரு ஜன்னலுக்கும் கதவுக்கும் மேலே, நடுவே, கீழே என்று மூன்று அளவு, ஏனென்றால் பழைய சட்டம் எதுவும் நேராக நிற்காது. அறையின் மூலைக்கு மூலை குறுக்களவு. சுவருக்குத் தூக்குக்குண்டு. எல்லாம் பென்சிலில்தான் எழுத வேண்டும், எங்கள் மலைத் தூறலுக்குப் பேனா மை நிற்காது.

கடைசியில்தான் அந்தக் கட்டம். குடியிருக்கிற ஒவ்வொரு வீட்டின் வாசலிலும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, "இந்த வீடு இருக்கணுமா, போகணுமா, எப்படி இருந்தா உங்களுக்கு நல்லது" என்று கேட்க வேண்டும். அவர்கள் சொன்னதைச் சொன்ன மாதிரியே எழுத வேண்டும். இதற்கு ஒரு கண்டிப்பான விதி வைத்திருந்தார். கேட்டு எழுதி முடிக்கும் வரை அந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது.

"தேத்தண்ணி குடிச்சிட்டா நீ விருந்தாளி-லா," என்பார். "விருந்தாளிகிட்ட யாரும் கஷ்டத்தச் சொல்ல மாட்டாங்க. நீயும் கஷ்டமான கேள்வி கேக்க மாட்ட."

இந்த மலையில் வாசலில் நிற்கிறவனுக்குத் தேநீர் கொடுக்காமல் விட்டால் அந்த வீட்டுக்கு இழுக்கு. கோலா தெர்லாவில் ஒரு காய்கறித் தோட்டக்காரரின் பலகை வீட்டில் நான் வேண்டாம் என்று சொன்னதற்கு அவர் மனைவி ஒரு வாரம் என்னைப் பற்றிச் சந்தையில் பேசினாராம். ஆனாலும் விதியை நான் மீறியதில்லை. அது எவ்வளவு உதவும் என்பதை ஒரு முடிதிருத்தகத்தில் பார்த்தேன். டவுனில் ஒரு பழைய கடை வரிசை. சொந்தக்காரர் எல்லாவற்றையும் இடித்து ஓட்டல் கட்ட வேண்டும் என்றார். பழமை விரும்பிகள் ஒரு செங்கல்லையும் தொடக்கூடாது என்றார்கள். நானும் கடைகளின் முகப்பைப் பார்த்து மயங்கி, மனதுக்குள் அவர்கள் பக்கம் போய்விட்டேன். முடிதிருத்துகிற பெரியவரைக் கேட்டால் அவர் இரண்டு பக்கத்தையும் கவிழ்த்துவிட்டார்.

"முன்பக்கத்த விட்டுடுங்க. மழையில ஜனங்க நனையாம நடக்குது. பின்பக்கம் போகட்டும், அங்க எலிதான் வாடக கட்டாம குடியிருக்கு. எனக்கு ஒரு நல்ல தண்ணிக் குழாய் குடுங்க, போதும்."

அவர் சொன்னபடியே எழுதினேன். முகப்பும் நடைபாதையும் நின்றன, பின்னால் புதுக் கட்டடம் எழும்பியது. அவருக்குக் குழாயும் கிடைத்தது. அந்த வழியே போகும்போதெல்லாம் கத்தரிக்கோலைத் தூக்கிக் காட்டிச் சிரிப்பார்.

ஓய்வுக்கு நாலைந்து வருடம் இருக்கும்போது எங்கள் தோட்டத்தின் சாலையோரப் பகுதி கைமாறியது. நான் பிறந்த லயம் அந்தப் பகுதியில்தான் இருந்தது. ஏழு வாசல் கொண்ட பலகை லயம், கருங்கல் அடித்தளம், தகரக் கூரை. ஐந்து வாசலில் ஆள் இருந்தார்கள், எல்லாம் ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளிகள். மூன்றாம் வாசலில் என் அக்கா லூர்து மேரியும் அவள் வீட்டுக்காரர் அந்தோணி மச்சானும். அப்பா அம்மாவுக்குப் பிறகு அந்த வீடு அக்காவுக்கு வந்திருந்தது. வாங்கிய நிறுவனம் மேட்டில் விடுமுறை அடுக்குமாடிகள் கட்டப் போவதாகத் திட்டம் போட்டிருந்தது. லயம் நின்ற சமதளத்தில் ஒரு சின்ன மாடிக்கட்டடம், அதில் ஐந்து குடும்பங்களுக்கும் ஆளுக்கொரு வீடு. வரைபடத்தில் அது ஒரு சின்னச் செவ்வகம், பக்கத்தில் 'மாற்றுக் குடியிருப்பு' என்று எழுதியிருந்தது. இப்படிப்பட்ட செவ்வகங்கள் அடுத்த வரைபடத்தில் காணாமல் போவதைப் பலமுறை பார்த்தவன் நான். அதனால் அதை நம்பவில்லை. இது உண்மை. ஆனால் முழு உண்மை இல்லை. அந்த லயம் நிற்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன்.

ஒரு சனிக்கிழமை காலை போனேன். சுற்றி வருவதற்கு முன்பே முதல் வாசலில் பிடித்துக்கொண்டார்கள். "நம்ம சவரி வந்திருக்கான், அளக்க வந்திருக்கான்" என்று குரல் ஏழு வாசலுக்கும் போனது. கையில் தேநீர்க் கோப்பை வந்தது, கூடவே பிஸ்கட். குடித்தேன். இரண்டாம் வாசலிலும் குடித்தேன். என் சொந்த லயத்தில் விதி பேசிக்கொண்டிருக்க முடியுமா என்று நினைத்தேன்.

மற்ற எல்லாவற்றையும் முறைப்படி செய்தேன். தூண்கள் எல்லாவற்றையும் குத்திப் பார்த்தேன், பதினெட்டில் பதினைந்து இரும்பு மாதிரி நின்றன. பலகைகளைத் தட்டிக் கேட்டேன். அக்கா வீட்டுக்கு வந்தபோது அவள் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்து திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தாள். வெளிர் நீலத்தில் வெள்ளைப் பூப்போட்ட துணி.

"இந்த முனையப் பிடி தம்பி, மடிக்கணும்," என்றாள்.

பிடித்தேன். துணி என் இரு கையையும் தாண்டிப் போனது. அதற்குச் சற்று முன்னால்தான் அந்த வீட்டு ஜன்னலை மேலே, நடுவே, கீழே என்று மூன்று முறை அளந்து இரண்டரை அடி என்று எழுதியிருந்தேன். இரண்டரை அடி ஜன்னலுக்கு யார் இவ்வளவு அகலத் திரை தைப்பார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் அளந்த கண் அது.

மச்சான் உள்ளே கட்டிலில் இருந்தார். முட்டி இரண்டும் போய்விட்டிருந்தது. "நீ இருக்கும்போது எங்களுக்கு என்னா கவல, பாத்துச் செஞ்சிடு மாப்பிள்ள" என்றார். சரி மச்சான் என்றேன். எனக்குத் தெரியும் என்று அவர்கள் நினைத்தார்கள். எனக்குத் தெரியும் என்று நானும் நினைத்தேன். ஐந்து வாசலில் ஒரு வாசலிலும் அந்தக் கேள்வியைக் கேட்காமல், பை நிறைய கீரையும் சாயோத்துக் காயும் வாங்கிக்கொண்டு இறங்கி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அலுவலகத்தைத் திறந்து உட்கார்ந்து அறிக்கையை எழுதினேன். என் வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே நல்ல அறிக்கை அதுதான். ஒவ்வொரு மூட்டும் வரைந்திருந்தேன், மரத்தில் ஆணி இல்லாமல் பலகை கோத்த விதத்தைத் தனித் தாளில் காட்டியிருந்தேன். கடைசிக் கட்டத்தில் ஐந்து வீட்டுக்கும் ஐந்து பதில் நானே எழுதினேன். பிறந்து வளர்ந்த இடம், இடிக்கக் கூடாது. பெற்றோர் வாழ்ந்த வீடு, இருக்க வேண்டும். இந்த மாதிரி.

மிஸ்டர் யாப் எந்த அறிக்கையையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். படித்தார். பென்சில் அந்தக் கட்டத்தில் வந்து நின்றது.

"அஞ்சு வீட்டுக்கும் ஒரே வாயா சவரி?"

"ஒரே லயம்தானே சார்."

"கேட்டாச்சா?"

"கேட்டாச்சு."

பென்சில் அங்கேயே இருந்தது. நான் அவரைப் பார்க்காமல் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தேன். இருபத்தைந்து வருடத்தில் நான் அவரிடம் சொன்ன முதல் பொய். அவர் கையெழுத்துப் போட்டார்.

அறிக்கை ஏற்கப்பட்டது. லயத்தை இடிக்கக் கூடாது, பழுது பார்த்து வைக்க வேண்டும் என்று முடிவானது. செய்தி வந்த அன்றே பக்கத்து ஊரான பிரிஞ்சாங் போய் ஒரு கேக் வாங்கிக்கொண்டு லயத்துக்கு ஏறினேன். அவ்வளவு சந்தோஷம். அக்கா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, லயத்த இடிக்க மாட்டாங்க. நின்னுடுச்சி."

முறத்தைக் கீழே வைத்தாள். "அப்ப பிளாட்டு?"

"அது கிடையாது. அந்த எடத்துலதானே லயம் நிக்கிது. மத்த எடமெல்லாம் சரிவு, கட்ட விட மாட்டாங்க."

"யாரு சொன்னா எங்களுக்கு லயம் வேணும்னு?"

அவள் கேக்குப் பெட்டியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"கக்கூசுக்கு இருவத்திரண்டு படி எறங்கணும் தம்பி. நீ அளந்தியே, எண்ணலியா? மச்சான நான் தோள்ல சாச்சிக் கூட்டிட்டுப் போறேன், மழையில ரெண்டு பேரும் வழுக்கி விழுந்திருக்கோம். பிளாட்டுல கீழ் வீடு எங்களுக்குன்னு எழுதிக்கூடக் குடுத்துட்டாங்க. கக்கூசு உள்ளயே. ஜன்னல் பெருசு. நான் தெரகூடத் தச்சி வச்சிட்டேன்."

உள்ளேயிருந்து மச்சான், "உடு மேரி, அவனுக்குத் தெரியாதா, ஏதாச்சும் பாத்துதான் செஞ்சிருப்பான்" என்றார். அந்த வார்த்தையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் மேல் அவ்வளவு நம்பிக்கை வைத்திருந்த மனிதருக்கு நான் இப்படிச் செய்துவிட்டேன்.

மறுநாள் மிஸ்டர் யாப்பிடம் உண்மையைச் சொன்னேன். அவர் தமிழில் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. அறிக்கையில் பிழை இருக்கிறது, குடியிருப்பவர்களின் கருத்து கேட்கப்படவில்லை என்று அன்றே கடிதம் எழுதித் தன் பெயரில் அனுப்பினார். என் பெயரைப் போடவில்லை. பதில் வர இரண்டு மாதம் ஆனது. திட்டம் ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது, மாற்ற முடியாது என்று ஒரு வரி. நிறுவனத்துக்கு அந்த மாடிக்கட்டடம் கட்டாயத்தின் பேரில் ஒத்துக்கொண்ட சுமை. என் அறிக்கை அதை அவர்கள் தலையிலிருந்து இறக்கி வைத்துவிட்டது. பழைய லயத்தை அழகாகப் பழுது பார்த்துத் தங்கும் விடுதியாக்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றியதும் என் வரைபடங்களைப் பார்த்துத்தான்.

பழுது பார்க்க வேண்டுமென்றால் ஆள் வெளியேற வேண்டும். கையில் ஏதோ கொடுத்து ஐந்து குடும்பத்தையும் அனுப்பினார்கள். ஒரு குடும்பம் லெம்பா பெர்த்தாமில் மகனிடம் போனது, மற்றவர்கள் மலையை விட்டே இறங்கினார்கள். அக்காவும் மச்சானும் ஈப்போவில் மகள் வீட்டுக்குப் போனார்கள். பின் அறை. வெயில் என்றால் என்னவென்று தெரியாத மனிதர் மச்சான், வாழ்நாள் முழுக்கக் கம்பளிச் சட்டை போட்டவர். இரண்டாம் வருடம் இறந்துபோனார். எங்கேயிருந்தாலும் அவருக்கு நேரம் வந்திருக்கும் என்று மகள் சொன்னாள். அடக்கத்தில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மிஸ்டர் யாப் பினாங்குக்குப் போய்விட்டார். என் மனைவி இறந்து ஆறு வருடமாகிறது, பிள்ளைகள் எங்களுக்கு இல்லை. டவுனில் ஒரு கடைக்கு மேலே அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். ஞாயிறு தமிழ்ப் பூசையில் இடப்பக்கம் மூன்றாவது, நான்காவது பெஞ்சில் எங்கள் லயத்து ஆட்கள் உட்காருவார்கள். இப்போது மூன்றாவதில் நான் மட்டும். நான்காவதில் சுற்றுலா வந்தவர்கள் யாராவது உட்காருகிறார்கள். சமாதானம் சொல்லிக் கைகுலுக்கும் நேரத்தில் திரும்பினால் தெரியாத முகம். கிறிஸ்துமஸ் இரவில் எங்கள் ஆட்கள் வாசல் வாசலாகப் பாடிக்கொண்டு வருவார்கள், அது நின்றுவிட்டது. பாட ஆளும் இல்லை, நின்று பாட வாசலும் இல்லை.

ஒருமுறை லயத்தைப் பார்க்கப் போனேன். நன்றாகச் செய்திருக்கிறார்கள், பொய் சொல்லக் கூடாது. நான் சொன்ன மூன்று தூணை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். பலகை கோத்த விதம் அப்படியே இருக்கிறது. அக்காவின் வீட்டுக்குள் குளியலறை கட்டியிருக்கிறார்கள். வெந்நீர் வருமாம். முன்னால் நின்ற பெண், "ரூம் வேணுமா அங்கிள்?" என்று மலாயில் கேட்டாள். சும்மா பார்க்க வந்தேன் என்றேன்.

நிர்மலாவின் அழைப்புக்குப் பிறகு எனக்கு ஒன்று தோன்றியது. இவ்வளவு வருடமாகியும் அந்தக் கேள்வியை நான் இன்னும் அக்காவிடம் கேட்கவே இல்லை. போன வாரம் பஸ் ஏறி ஈப்போ போனேன். மகள் வேலைக்குப் போயிருந்தாள். அக்கா பின் அறையில் விசிறிக்குக் கீழே பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தேநீர் போட எழுந்தவளை உட்காரச் சொன்னேன்.

"அக்கா, அன்னிக்கு அளக்க வந்தப்ப நான் கேட்டிருந்தா என்னா சொல்லியிருப்ப?"

அவள் நறுக்குவதை நிறுத்தவில்லை. ஒரு பிடி முடிந்த பிறகு பேசினாள்.

"நீ வாசல்ல நின்னு, நம்ம வீட்ட வச்சிக்கலாமான்னு கேட்டிருந்தா, உன் மூஞ்சியப் பாத்துட்டு, வச்சிக்கலாம்டான்னுதான் சொல்லியிருப்பேன். மச்சானும் அதத்தான் சொல்லியிருப்பாரு. நம்ம புள்ள ஆசப்பட்டுக் கேக்குறான், இல்லன்னா சொல்லுவோம்?" கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். "நீ வந்திருக்கக் கூடாது தம்பி. தெரியாத ஆள் யாரையாச்சும் அனுப்பியிருக்கணும். அவன்கிட்ட நான் கக்கூசச் சொல்லியிருப்பேன்."

நிர்மலா, உனக்கு எழுத வேண்டியது இவ்வளவுதான். கட்டம் இருக்கட்டும். உன் ஆட்கள் இருக்கும் இடத்துக்கு நீ அளக்கப் போகாதே.

பஸ்ஸுக்கு நேரமானதும் எழுந்தேன். அக்கா கேட் வரை வந்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள் இப்போது. எனக்கு என்ன தோன்றியதோ, "ஒரு தடவ மேல வாயேன் அக்கா. குளிரா இருக்கும், ரெண்டு நாள் இருந்துட்டு வரலாம்" என்றேன்.

"அங்க யாரு இருக்கா, நான் வந்து பாக்க?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

நான் இருக்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.